மாகறலில் விறகடுக்கும் காலம்

புரட்டாசி பிறந்துவிட்டால் காஞ்சிபுரம் பக்கத்து மாகறலில் வீட்டுக்கு வீடு விறகுப் பேச்சுதான். ஐப்பசி அடைமழைக்கும் கார்த்திகை ஈரத்துக்கும் சேர்த்துவைக்கிற விறகு இது. பருவமழை இறங்கி, செய்யாற்றில் தண்ணீர் வந்து, ஏரிக்கரையெல்லாம் சேறாகிவிட்டால் காய்ந்த சுள்ளிகூடக் கைக்குக் கிடைக்காது. சிலிண்டர் இல்லாத வீடு அநேகமாக இல்லை. 2006-ல் அமைந்த திமுக ஆட்சி இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா எரிவாயுத் திட்டம் வந்தது. ஆனாலும் வெந்நீர் போட, நெல் அவிக்க, விசேஷத்துக்குச் சமைக்க, தோட்டத்து அடுப்பு எரியாமல் முடியாது. சிலிண்டர் விலை ஏறுகிற மாதங்களில் அந்த அடுப்பு காலையிலிருந்தே புகையும்.

சென்னையை விட்டு இங்கே குடிவந்தபின் நான் கற்றுக்கொள்ள விரும்பிய முதல் வேலை இதுதான். பக்கத்து ஏரியின் உள்வாயில் வேலிகாத்தான் வெட்டிக்கொண்டிருந்த இருளர் தம்பதியிடம் போய் நின்றேன். "முள்ளு காட்டுக்குள்ள செருப்போட வராதீங்க சார், ஷூ போட்டுட்டு வாங்க" என்றார் அந்தப் பெரியவர். அவர் காலில் இருந்தது ரப்பர் செருப்பு.

வேலிகாத்தான் என்று இந்தப் பக்கம் சொல்வது சீமைக் கருவேலத்தை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. விறகுப் பஞ்சம் தீரும் என்று பின்னர் ஊர் ஊராக விதைத்தார்கள். பஞ்சம் தீர்ந்ததோ இல்லையோ, ஏரிகளின் உள்வாயும் வாய்க்காலும் அடைபட்டன. இதுபோன்ற அயல் தாவரங்களை அகற்ற 2022-ல் தமிழக அரசு தனிக்கொள்கையே வகுத்தது. ஆனால் அடுப்புக்கு இதைப்போல ஒரு மரம் இல்லை. கெட்டியான கட்டை, நின்று எரியும், தணலும் நெடுநேரம் இருக்கும். காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறைகளும், சூளைகளும், டீக்கடைகளும் இதை விடாமல் வாங்குவது அதனால்தான்.

வெட்டுகிற விதத்தைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். முதலில் பெரியவர் கவைக்கோலால் கிளையை அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். அடியில் கொடுவாள் இறங்குகிறது. விழுந்த கிளையை அந்த அம்மா இழுத்துப்போட்டு முள் மிலாறைக் கழித்துத் தள்ளுகிறார். பருத்த கட்டைகளைக் கோடாலியால் துண்டு போட்டு, பிளக்க வேண்டியதை ஆப்பு வைத்துப் பிளக்கிறார்கள். கடைசியில் தூர். மண்ணைப் பறித்து வேர்க்கட்டையைப் பெயர்ப்பதற்குள் ஆள் வியர்வையில் நனைந்துவிடுகிறார். இந்த முள் குத்தினால் சீக்கிரம் ஆறாது, சீழ் வைக்கும். அவர் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தேன். தோல் என்று சொல்ல முடியாத அளவுக்குக் காய்த்திருந்தது.

விறகு வண்டியேறி என் வீட்டுக்கு வந்தபோது அந்த அம்மாவும் கூட வந்தார், அடுக்கித் தருவதற்காக. வெட்டுவதைவிட இதில் நுணுக்கம் அதிகம் என்பேன். தரையில் நேராகப் போடவில்லை. கல் பரப்பி, அதன்மேல் இரண்டு பனந்துண்டுகளைக் கிடத்தினார். மண்ணின் ஈரமும் கரையானும் ஏறாது. அடியில் பருங்கட்டை, மேலே போகப்போகச் சிறுத்தது. இரு முனைகளிலும் ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்தது குறுக்குவாக்கில் வைத்து முட்டுக் கொடுத்தார், அட்டி சரியாமல் நிற்க. நான் இடைவெளியை நெருக்கி அடைக்கப் போனபோது கையைத் தடுத்தார்.

"காத்து போவணும் கண்ணு. பட்டை மேல பாக்க இருக்கட்டும், தண்ணி வழிஞ்சு போயிடும்."

தார்ப்பாயை உச்சியில் மட்டும் போட்டார், பக்கங்களை மூடவே இல்லை. பச்சைக் கட்டையின் எடையில் கணிசமான பங்கு தண்ணீர். அது ஆவியாகி முடியும்வரை அடுப்பின் சூடு அதற்கே போகும், கண்ணுக்குப் புகைதான் மிஞ்சும். மூடிக் கட்டினால் உள்ளேயே புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். போகும்போது இன்னொன்றும் சொன்னார்: ராத்திரியில் விறகு எடுக்கக் கூடாது, பகலிலும் கோலால் நாலு தட்டுத் தட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அட்டிக்குள் தேள் இருக்கும், கட்டுவிரியன் சுருண்டு கிடக்கும்.

மரமும் சுமையும் என்றதும் இவ்வூர்த் திருமாகறலீஸ்வரர் கோயிலின் தலக்கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. நாளுக்கொரு பழம் தந்த பலா மரம் ஊரில் இருந்ததாம். அந்தப் பழத்தை ராஜேந்திர சோழனிடம் சுமந்து கொண்டுபோகும் முறை வீட்டுக்கு வீடு வந்ததாம். ஒரு சிறுவன் இந்தச் சுமையை ஒழிக்க மரத்தையே எரித்துவிட்டான் என்கிறது கதை. தெய்வீக மரத்தை எரித்த பிள்ளையை மறக்காமல் வைத்திருக்கிற கதை என்பதால் எனக்கு இதன்மேல் தனி மதிப்பு.

ஆனால் எளியவர்கள்மேல் ஏற்றும் சுமை இன்னும் ஒழியவில்லை. 2019 ஜூலையில் காஞ்சிபுரம் வட்டாரத்திலும் அன்றைய வேலூர் மாவட்ட நெமிலிப் பக்கத்திலும் மரம் வெட்டும் இடங்களில் கொத்தடிமைகளாக இருந்த 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்து கிடந்த படம் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தது. ஆயிரம் ரூபாய்க் கடனுக்காக ஆண்டுக்கணக்கில் மரம் வெட்டியவர் அவர் என்று செய்திகள் சொல்லின. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். அந்தச் சட்டப்படி இப்படிப்பட்ட கடன் அத்தனையும் ரத்து. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று 1982-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்பணம் கொடுத்து ஆளைப் பிடிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

எனக்கு விறகடுக்கிய அந்தத் தம்பதி அன்றாடக் கூலியைக் கையில் வாங்குகிறவர்கள், யாரிடமும் அவர்களுக்கு முன்பணக் கடன் இல்லை. "இப்ப நெனச்சா நெனச்ச எடத்துக்குப் போறோம்" என்று பெரியவர் சொன்னபோது அவர் குரலில் இருந்த நிமிர்வை நான் மதிக்கிறேன். அந்த நிமிர்வு எல்லா வெட்டாட்களுக்கும் இருக்க வேண்டும்.

இந்த மழைக்கு நீங்களும் விறகு வாங்குவீர்கள். கல்யாணத்துக்கோ கடைக்கோ டன் கணக்கில் வாங்குவீர்கள். விலை பேசும்போது, வெட்டியவர் யார், கூலி எப்படிக் கொடுக்கிறீர்கள், முன்பணக் கணக்கு உண்டா என்று வியாபாரியிடம் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் அந்த விறகை வாங்காதீர்கள். மாவட்ட ஆட்சியருக்கோ சார் ஆட்சியருக்கோ ஒரு மனு எழுதிப்போடுங்கள். விசாரித்து மீட்கும் பொறுப்பைச் சட்டம் அவர்களிடம்தான் கொடுத்திருக்கிறது.