கால் குடைச்சல்

"படுத்தா கால் கொடையுதுடா, கொஞ்சம் அமுக்கி விடு..." புவனகிரிப் பக்கம் பாட்டிகள் இப்படிப் புலம்பினால், வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடுவோம். ஆனால் படுத்தால் தொல்லை, எழுந்து நடந்தால் நிம்மதி என்றால் அது தனி நோயாக இருக்கலாம். 1945-லேயே ஸ்வீடன் மருத்துவர் எக்போம் இதை விரிவாக எழுதிவிட்டார்.

2014-ல் அமெரிக்கா இதற்காக ஓர் அதிர்வுத் திண்டை அனுமதித்தது. காலில் கட்டும் அதிர்வுப் பட்டைக்கும் அடிப்படை ஒன்றுதான். பேரன் கை செய்த வேலை! குடைச்சலை மறக்க வேறோர் உணர்ச்சி, அவ்வளவே. தூக்கம் வரலாம், நோய் போகாது.

பலருக்குக் காரணம் இரும்புச்சத்துக் குறைவு. ரத்தத்தில் ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 75 நானோகிராமுக்கு மேல் இல்லையென்றால் டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை தருவார். பட்டை வாங்கும் முன் பாட்டியைச் சிதம்பரத்துக்கு பஸ் ஏற்றுங்கள், முதலில் ரத்தப் பரிசோதனை!