மேகம் தெரியாத நாட்களில்



2024ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி நம்மில் பலருக்கு நினைவிருக்கும். குறுவைக்காக மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் அது. அந்த ஆண்டோ அணையில் போதிய நீர் இல்லை, மதகுகள் திறக்கப்படவில்லை. ஆராதனை முடிந்து கைகொடுக்க வந்தவர்கள் நகைக்கடன், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், விதைநெல் என்று ஆளுக்கொரு பாரத்தோடு வந்தார்கள். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று எல்லாருக்கும் சொன்னேன். ஆனால் இரவில் முழங்காற்படியிட்டபோது எனக்கு வார்த்தை வரவில்லை. பிறருக்குச் சொன்னதை நீ நம்புகிறாயா என்று என் உள்ளமே என்னைக் கேட்டது.

அந்த வாரத்தில் நம் சபையின் மூத்த விசுவாசி ஒருவரைப் பார்க்கப் போனேன். அவர் வயலோரம் மண்வெட்டியோடு நின்று, வாய்க்காலில் மண்டியிருந்த புல்லை வெட்டிக்கொண்டிருந்தார். "தண்ணீர் வருவதாகச் செய்தி வந்ததா, பெரியவரே?" என்று கேட்டேன். "வரலீங்க ஐயா. தண்ணி வந்த பிறகா வாய்க்கால் வெட்டுறது?" என்றார்.

வீடு திரும்பி 2 இராஜாக்கள் 3ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். ஏழு நாள் நடந்த சேனைக்கும் மிருகஜீவன்களுக்கும் தண்ணீர் இல்லை. மூன்று ராஜாக்களும் கலங்கி நிற்கிறார்கள். எலிசாவின் மூலம் வந்த கட்டளையோ, வறண்ட பள்ளத்தாக்கில் வாய்க்கால்களை வெட்டுங்கள் என்பதே. காற்றையும் மழையையும் அவர்கள் காணமாட்டார்கள். ஆயினும் பள்ளத்தாக்கு நிரம்பும் என்றார் கர்த்தர். மறுநாள் காலையில் ஏதோம் தேசத்தின் வழியாய்த் தண்ணீர் வந்தது. மழையை அவர்கள் பார்க்கவேயில்லை.

டெல்டாவில் வாழும் நமக்கு இது புதிதா? நம் குறுவையை வளர்க்கும் மழை நம் வானத்தில் பெய்வதில்லை. அந்த ஜூலையில் குடகிலும் கபினியின் நீர்ப்பிடிப்பிலும் பருவமழை கொட்டியது. நாம் நின்ற இடத்திலிருந்து அந்த மேகங்கள் தெரியவில்லை. ஜூலை 28 அன்று மேட்டூர் திறக்கப்பட்டது. இரண்டு நாளில் அணை 120 அடியை எட்டியது. கல்லணை கடந்து வெண்ணாற்றில் வந்த நீர், நம் மூணாறு தலைப்பில் பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு எனப் பிரிந்தது.

ஆனால் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. 2016இல் செப்டம்பர் 20 வரை அணை திறக்கப்படவில்லை. 2024 ஜூலை 30 அன்று அதே பருவமழை வயநாட்டில் நிலச்சரிவாகி அநேக உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஆகவே விசுவாசம் என்பது நாம் கேட்டது கேட்டபடி கிடைக்கும் என்னும் கணக்கு அல்ல. வயல்கள் தானியத்தை விளைவிக்காமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்ற ஆபகூக் தீர்க்கன், விளைச்சலை அல்ல, தன்னோடிருந்த தேவனையே பற்றிக்கொண்டான். ஆறு வறண்டிருந்த இரவுகளிலும் அவர் நம் அருகில்தான் இருந்தார். வார்த்தையற்ற என் ஜெபத்தையும் அவர் கேட்டார் என்று இன்று சாட்சி சொல்கிறேன்.

பிரியமானவர்களே, மருத்துவ அறிக்கைக்காக, பிள்ளையின் வேலைக்காக, கடன் தீரும் நாளுக்காகக் காத்திருக்கிறீர்களா? இந்த வாரம் ஒரு வாய்க்காலை வெட்டுங்கள். விடியற்காலையில் சற்று நேரம் அமர்ந்து, உங்கள் பயத்தைப் பேர் சொல்லி அவரிடம் அறிக்கையிடுங்கள். உங்களைப்போல் காத்திருக்கும் ஒருவரின் வீட்டுக்குப் போய் அவரோடு உட்காருங்கள். தண்ணீர் வரும் நேரம் நம் கையில் இல்லை. மண்வெட்டி நம் கையில் இருக்கிறது.

ஜெபம்: பரலோகப் பிதாவே, உம்மைக் காணாத நாளிலும் நீர் எங்களோடிருக்கிறீர் என்று நம்பக் கிருபை தாரும். எங்கள் அவநம்பிக்கையை மன்னியும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.