எந்தப் பக்கவிளைவு பரவாயில்லை?

ஜூன் 9

ராத்திரி படுக்கப் போகும்போது இரண்டு மாத்திரை. அதற்கும் அடங்காவிட்டால் காலையில் ஒன்று, சாயங்காலத்துக்கு முன்னால் இன்னொன்று. ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் கூடாது. டாக்சிலமின் 10 மில்லிகிராம், வைட்டமின் பி6 10 மில்லிகிராம், இரண்டும் சேர்ந்தது. மசக்கை வாந்தி ஆரம்பிப்பது விடிகாலையில், மருந்து எதற்கு ராத்திரியில் என்று மருந்துக்கடை அண்ணனிடம் கேட்டேன். "மேல பூச்சு போட்டிருக்கும்மா. வயித்துல கரையாது, குடலுக்குப் போயித்தான் கரையும். வேலை செய்ய நாலஞ்சு மணி நேரம் ஆவும். கடிச்சிராதீங்க, அப்படியே முழுங்கணும்" என்றார். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அமிலம், காரம் என்று வருஷா வருஷம் நடத்துகிறேன். அமிலத்தில் கரையாத பூச்சைக் கையில் வைத்துப் பார்த்தது இன்றுதான்.

ஜூன் 13

வாந்தி கொஞ்சம் குறைந்திருக்கிறது, தூக்கம் கூடிவிட்டது. டாக்சிலமின் சளிக்கும் அலர்ஜிக்கும் கொடுக்கிற மருந்துகளின் குடும்பம். அமெரிக்காவில் இதையே தூக்க மாத்திரையாகவும் விற்கிறார்கள். இரண்டாம் பீரியடில் சமன்பாடு எழுதிக்கொண்டிருக்கும்போதே கண் செருகியது. வாய் உலர்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது. பாளை பஸ் ஸ்டாண்டில் என் பஸ் வந்து நின்று போனதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அத்தைக்கு மாத்திரையே பிடிக்கவில்லை. "எங்க காலத்துல இதெல்லாமா முழுங்குனோம்? நார்த்தங்காய நக்கிக்கிட்டே மூணு மாசத்த ஓட்டிரலையா?" நார்த்தங்காய் வந்தது. இஞ்சிச்சாறும் வந்தது. இஞ்சியை நான் குறை சொல்ல மாட்டேன். லேசான குமட்டலுக்கு அது ஓரளவு கேட்கிறது என்று சோதனைகளிலேயே தெரிந்திருக்கிறது. குடித்த தண்ணீரே தங்காதவளுக்கு மட்டும் அது இன்னொரு வாந்தி, அதுவும் எரிச்சலோடு.

ஜூன் 16

ராத்திரி இவர், என் வீட்டுக்காரர், மெதுவாகக் கேட்டார்: "மாத்திரைய நிறுத்திப் பார்ப்பமா? குழந்தைக்கு ஏதாவது ஆயிட்டா?" இந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. அதற்குப் பின்னால் தாலிடோமைடு இருக்கிறது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்கத்துக்கு என்று விற்பனைக்கு வந்து, மசக்கைக்கும் கொடுக்கப்பட்ட மருந்து. 1961 கடைசியில் திரும்பப் பெறுவதற்குள் உலகம் முழுக்கப் பத்தாயிரம் குழந்தைகளுக்கு மேல் கை கால் வளராமல் பிறந்துவிட்டார்கள். அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி, போதுமான ஆதாரம் இல்லை என்று அனுமதி தராமல் இழுத்தடித்தார். அந்த நாடு பெரும்பாலும் தப்பித்தது.

ஆனால் அந்தப் பயத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. அது யார் வாயிலும் வருவதில்லை. என் கையிலிருக்கும் இந்த மருந்துச் சேர்க்கை, அப்போது மூன்றாவதாக இன்னொரு மருந்தும் சேர்ந்து, 1956இல் பென்டெக்டின் என்ற பெயரில் அமெரிக்காவில் வந்தது. கோடிக்கணக்கான பெண்கள் சாப்பிட்டார்கள். தாலிடோமைடுக்குப் பிறகு, குறையோடு குழந்தை பிறந்தால் தாய் என்ன மாத்திரை சாப்பிட்டாள் என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அவ்வளவு பேர் சாப்பிட்ட மாத்திரை என்றால் பல குறைகளுக்குப் பக்கத்தில் அது இருக்கத்தானே செய்யும்? வழக்குமேல் வழக்கு. 1983இல் கம்பெனி தானாகவே உற்பத்தியை நிறுத்தியது. அதற்குப் பிறகு நடந்ததுதான் பாடத்தில் வைக்க வேண்டிய கணக்கு: அந்த நாட்டில் பிறவிக் குறைகள் குறையவில்லை, மசக்கை வாந்திக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள்தான் கூடினார்கள். பக்கத்து நாடான கனடாவில் அதே சேர்க்கை தொடர்ந்து விற்றுக்கொண்டிருந்தது. அமெரிக்கா அதை மறுபடி அனுமதித்தது 2013இல். முப்பது வருஷம். அந்த முப்பது வருஷத்தில் சும்மா வாந்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்களை எந்த நீதிமன்றமும் கணக்கில் எடுக்கவில்லை.

இதையெல்லாம் இவரிடம் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்து ஓட வேண்டியிருந்தது. மாத்திரையை நிறுத்தவில்லை.

ஜூன் 24

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். 52 கிலோ இருந்தவள் 48.2. கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் போய்விட்டால் மசக்கை என்று விட்டுவிட மாட்டார்கள். ஹைப்பரெமெசிஸ் என்று சீட்டில் எழுதுவார்கள். பொட்டாசியம் இறங்கியிருக்கிறது. சிறுநீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் வருகிறது.

அம்மா ஊரிலிருந்து வந்தவுடனே, "குளுக்கோஸ் ஏத்தச் சொல்லுட்டி, தெம்பு வரும்" என்றாள். டாக்டரம்மா மாட்டேன் என்றுவிட்டார். முதலில் தயாமின், அதாவது பி1 ஊசி. அப்புறம் பொட்டாசியம் கலந்த சலைன். குளுக்கோஸ் தேவைப்பட்டால் அதற்கும் பிறகு. உடம்பில் பி1 சேமிப்பு சில வாரங்களுக்குத்தான் வரும். வாரக்கணக்கில் சாப்பாடு தங்காதவளுக்கு அது வற்றிப்போயிருக்கும். அந்த நிலைமையில் குளுக்கோஸைக் கொட்டினால், அதை எரிக்க உடம்பு மிச்சமிருக்கும் பி1ஐயும் செலவழித்துவிடும். மூளை பாதிக்கும், பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், ஞாபகம் போகும். சிலருக்குத் திரும்பவே திரும்பாது. அம்மாவுக்கு இது புரிந்ததோ என்னவோ, டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்ததும் ஏதோ ஏறுகிறது என்று சமாதானமானாள்.

ஜூன் 26

நேற்று நடந்ததை நேற்றே எழுதக் கை நிற்கவில்லை.

மத்தியானம் மெட்டோக்ளோபிரமைடு ஊசி. சிஸ்டருக்கு வார்டு நிறைய வேலை, ஐ.வி. வழியாக ஒரே அழுத்தாக ஏற்றிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் உடம்புக்குள் என்னவோ ஆரம்பித்தது. வலி இல்லை. படபடப்பு என்றும் சொல்ல முடியாது. படுத்தால் எழ வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும், நடந்தால் ஓட வேண்டும். தோலைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும் போல. டிரிப்ஸ் ஸ்டாண்டை இழுத்துக்கொண்டு வராந்தாவில் போவதும் வருவதுமாக இருந்தேன். இந்த நிமிஷம் செத்தாலும் சரி என்று தோன்றியது, அதை நிஜமாகவே நினைத்தேன். அம்மா திருநீறு பூசினாள். சிஸ்டர், "முதல் பிள்ளைல்லா, பயம். போய்ப் படுங்க" என்றார்.

டூட்டியில் இருந்த சின்னப் பெண் டாக்டர் நான் நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கால் சும்மா இருக்க மாட்டேங்குதா?" என்று கேட்டார். ஒரே கேள்விதான். ஊசியால் வந்தது, பயத்தால் அல்ல. அகத்தீசியா என்று பெயர் இருக்கிறது என்றார். ப்ரோமெத்தசின் ஊசி ஒன்று இடுப்பில் போட்டார். அடங்கிற்று, அதோடு இன்று காலை வரை தூக்கம். அதுவும் வாந்திக்கு எதிரான மருந்துதான், தூக்கம்தான் அதன் வட்டி.

இன்று அந்த டாக்டரை உட்கார வைத்துக் கேட்டேன். மெட்டோக்ளோபிரமைடு மூளையில் டோபமினை மறிக்கிறது. வாந்தியைத் தூண்டும் இடத்திலும் மறிக்கிறது, அசைவைக் கட்டுப்படுத்தும் இடத்திலும் மறிக்கிறது. சிலருக்குக் கழுத்து கோணும், கண் மேலே செருகி நின்றுவிடும், தாடை இறுகும். இளம் பெண்களுக்கு வருவது அதிகம். அதனால்தான் 10 மில்லிகிராமை மூன்று நிமிஷத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்ற வேண்டும் என்பது விதி. ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம், அதுவும் ஐந்து நாள் வரை என்று வரம்பு கட்டியது.

அதே 2013இல் டென்மார்க்கில் இந்த மருந்து எடுத்த இருபத்தெட்டாயிரம் கர்ப்பங்களுக்கு மேல் ஆராய்ந்து, குழந்தைக்குக் குறை எதுவும் கூடவில்லை என்று கண்டிருக்கிறார்கள். "பாதுகாப்பானது" என்று எனக்குச் சொன்னார்கள்; யாருக்கு என்று சொல்லவில்லை. குழந்தைக்குப் பாதுகாப்பு என்பதோடு கேள்வி முடிந்துபோகிறது. சுமக்கிறவளைப் பற்றிக் கேட்க அட்டவணையில் ஒரு கட்டமே இல்லை போல.

ஜூன் 27

அடுத்தது ஒண்டான்செட்ரான். கீமோதெரபி நோயாளிகளின் வாந்திக்காக வந்த மருந்து. டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்; அதுவே பாதி மருந்து.

அவர் சொன்ன கணக்கு: அமெரிக்காவில் பதினெட்டு லட்சம் கர்ப்பங்களைப் பார்த்த ஆய்வு, 2018இல் வெளியானது. முதல் மூன்று மாதத்தில் இந்த மாத்திரையைச் சாப்பிடாதவர்களில் பத்தாயிரம் பிரசவத்துக்குப் பதினொரு குழந்தைக்கு உதடோ அண்ணமோ பிளந்திருந்தது. சாப்பிட்டவர்களில் பதினாலு. இதயக் குறை கூடவில்லை. ஐரோப்பிய அமைப்பு 2019இல் முதல் மூன்று மாதம் வேண்டாம் என்றது. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களோ, மற்றவை கேட்காதபோது விளக்கிச் சொல்லிக் கொடுக்கலாம் என்கிறார்கள். அண்ணம் 12ஆவது வாரத்துக்குள் மூடிவிடும். எனக்கு இது ஒன்பதாவது வாரம்.

பத்தாயிரத்துக்கு மூன்று. இவர் முகம் அந்த மூன்றிலேயே நின்றது. எனக்கு மிச்சம் 9,997 தெரிந்தது. அதோடு ஒன்றுமே கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்ற இன்னொரு வரிசையும். எடை இறங்கிக்கொண்டே போனால் குழந்தை சிறுத்துப் பிறக்கலாம். என் பொட்டாசியம் இன்னும் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். மருந்து எடுக்காமலிருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் பக்கவிளைவு உண்டு. சரி என்றேன். பொட்டாசியம் ஏறிய பிறகு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துத்தான் முதல் ஊசி, ஏனென்றால் இந்த மருந்தும் துடிப்பின் இடைவெளியைக் கொஞ்சம் நீட்டக்கூடியது.

சாயங்காலம் அரை இட்லி. தங்கியது.

ஜூலை 6

வீட்டில் இருக்கிறேன். மலச்சிக்கலைப் பற்றி யாரும் நாகரிகமாக எழுதியதில்லை, நானும் எழுதப் போவதில்லை. ஒண்டான்செட்ரான் அடைக்கிற செரடோனின் வாசல்கள் குடலிலும் இருக்கின்றன. வாந்தியை நிறுத்திய கையோடு குடலையும் நிறுத்திவைத்துவிட்டது. குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். லாக்டுலோஸ் சிரப் ராத்திரி ராத்திரி. அதன் தித்திப்பு குமட்டுகிறது. அதற்கு நார்த்தங்காய்! அத்தையின் ஜாடிக்குக் கடைசியில் வேலை கிடைத்துவிட்டது. தலைவலி வேறு. ஆனாலும் அன்றைக்கு வராந்தாவில் நடந்ததற்கு இது ஆயிரம் மடங்கு மேல். இந்தக் கணக்கை எனக்காக இன்னொருவர் போட்டிருக்க முடியாது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குத் தலைவலி தாங்காமல் இதையே நிறுத்தினார்கள். ப்ரோமெத்தசின் கொடுத்ததும் அவள் நன்றாகத் தூங்கினாள், தூங்கி எழுந்து சாப்பிட்டாள். வீட்டில் மாமியாரும் நாத்தனாரும் வேலை பார்க்கிறார்களாம். தூக்கம் அவளுக்குக் கட்டுப்படியாகிறது. கரும்பலகை முன்னால் நிற்பவளுக்கு ஆகாது.

எதுவுமே கேட்காதவர்களுக்கு ஸ்டீராய்டு உண்டு, பத்து வாரம் தாண்டிய பிறகு, சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே. அந்தப் படிக்கு நான் போக வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 15

பெரியம்மா பார்க்க வந்தார். "மனசுக்குள்ள பிள்ள வேண்டாம்னு இருந்தாத்தான் இப்படி வெளிய தள்ளும்." அவரைச் சொல்லிக் குற்றமில்லை, இருபதாம் நூற்றாண்டின் மருத்துவ நூல்களே இதை எழுதியிருக்கின்றன. மார்லீனா ஃபெய்ஸோ என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1999இல் இதே வாந்தியில் தன் குழந்தையை இழந்தவர். அதன் பிறகு மரபணுவில் தேடத் தொடங்கினார். 2023 டிசம்பரில் கேம்பிரிட்ஜ் குழுவோடு சேர்ந்து வெளியிட்டார்: நஞ்சுக்கொடியும் கருவும் சுரக்கும் ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோன் மூளைத்தண்டில் போய் வாந்தியைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன்பு இது குறைவாக இருந்த பெண்களுக்கு அந்தத் திடீர் ஏற்றம் தாங்குவதில்லை. தலசீமியா உள்ள பெண்களுக்கு எப்போதுமே இது அதிகம்; அவர்களுக்கு மசக்கை மிகக் குறைவு. பெரியம்மாவிடம் ஹார்மோன் கோளாறு என்று மட்டும் சொன்னேன். "அப்படியா, அப்ப சரி" என்று முறுக்கை எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 25

17 வாரம். 51 கிலோ. ஒண்டான்செட்ரானை முதலில் குறைத்து நிறுத்தியாயிற்று. டாக்சிலமின் ராத்திரி ஒன்றாக இறங்கியிருக்கிறது. ஒரேயடியாக விட்டால் வாந்தி திரும்பலாம் என்பதால் படிப்படியாகத்தான். குமட்டலைக் கிளப்புகிறது என்று நிறுத்தி வைத்திருந்த இரும்புச் சத்து மாத்திரை மறுபடி வந்துவிட்டது.

டாக்டரம்மா என் ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினார்: மெட்டோக்ளோபிரமைடு கொடுக்கக் கூடாது. அடுத்த பிள்ளைக்கும் இந்த வாந்தி வர வாய்ப்பு அதிகம் என்றும், நாள் தள்ளியது தெரிந்ததுமே, குமட்டல் வருமுன், டாக்சிலமினைத் தொடங்கிவிடலாம் என்றும் சொன்னார். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மருந்தின் பக்கவிளைவை நோயாளியே அரசாங்கத்துக்குத் தெரிவிக்கலாம் என்பதை அந்தச் சின்ன டாக்டர்தான் சொன்னார். 1800-180-3024 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டுச் சொல்லலாம், படிவமும் உண்டு. மருந்தின் பெயர், அளவு, கொடுத்த தேதி எல்லாம் ஃபைலைப் பார்த்து நிரப்பிவிட்டேன். என்ன நேர்ந்தது என்று எழுத விட்டிருக்கும் இடம்தான் போதவில்லை. தனித்தாள் ஒன்று எடுத்து, கால் சும்மா இருக்க மாட்டேன் என்றதிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.