நான்காம் ஸ்லாட்

செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரியை அண்ணாந்து பார்ப்பார்கள். சென்ற கோடையில் நாங்கள் பல நாட்கள் தலையைக் குனிந்தபடியே இருந்தோம். நண்பர் ஒருவரின் வீட்டு மாடியறையில், நாங்கள் சிலர் சேர்ந்து வாங்கிய பழைய சர்வர் ஒன்று இருக்கிறது. தேசிங்குராஜன் கதையைப் பாடிய சுற்றுவட்டாரப் பெரியவர்களின் ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றி அதில் சேமித்து வருகிறோம். பாடியவர்களில் பலர் இன்று இல்லை. நாடாக்களும் பூஞ்சை பிடித்து, ஒருமுறை ஓடினாலே பெரிது என்ற நிலையில் இருக்கின்றன.

அப்படியொரு நாடா ஓடிக்கொண்டிருந்தபோது சர்வர் நின்றுபோனது. நாடாவும் சிக்கி அறுந்தது. வெயிலைக் குறை சொன்னோம். மின்சாரத்தைக் குறை சொன்னோம். பிறகுதான், அதுவரை எவரும் திறந்திராத நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தோம். நான்காம் ஸ்லாட்டின் ராமில் பிழை, திருத்தப்பட்டது என்ற ஒரே வரி மாதக்கணக்கில் நீண்டிருந்தது. கடைசி வரி மட்டும் வேறு: திருத்த இயலாத பிழை.

சர்வரின் நினைவகம் 64 பிட் தகவலுக்கு 8 பிட் சாட்சி வைத்துக்கொள்கிறது. ஒரு பிட் புரண்டால் அந்தச் சாட்சிகளைக் கொண்டு தானே திருத்திவிடும். இரண்டு புரண்டால், பிழை என்று மட்டும் அறியும்; பொய்யைத் தொடர்வதைவிட நின்றுவிடுவதே மேல் என நிற்கும். பெல் ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஹாமிங் 1950இல் வெளியிட்ட கணக்கே இதற்கு வேர். ஒருமுறை பிழைத்த ராம் மீண்டும் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம் என்பதைக் கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. எங்கள் இயந்திரமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் கேட்கவில்லை.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரம் இறங்க இரும்புக் கூட்டைத் தொட்டபின், ராமைக் கழற்றினோம். அதன் பொன்முலாம் பற்களை ரப்பரால் தேய்த்துச் செருகினோம். பத்து நாள் அமைதி. பதினோராம் நாள் அதே வரி. அடுத்து, ஒன்றாம் ஸ்லாட்டின் ராமையும் நான்காம் ஸ்லாட்டின் ராமையும் இடம் மாற்றினோம். பிழை கூடவே போனால் குற்றம் ராமில். இருந்த இடத்திலேயே நின்றால் ஸ்லாட்டில். இரவெல்லாம் மெம்டெஸ்ட்86 ஓடியது. விடியலில் பிழை ஒன்றாம் ஸ்லாட்டிலிருந்து வந்தது. அதே வகை, அதே கொள்ளளவு, அதே வேகம் கொண்ட ராம் ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவில் தேடி வாங்கிப் பொருத்தினோம்.

அறுந்த நாடா திரும்பவில்லை. தேசிங்கு போருக்குப் புறப்படும் கட்டம் அது. பெரியவர் பாடி நேரில் கேட்ட மூவர், நினைவிலிருந்ததைத் தனித்தனியே எழுதினோம். ஒப்பிட்டபோது பாதிதான் ஒத்துப்போனது. எவர் நினைவு பிழை என்று சொல்ல எங்களிடம் சாட்சி பிட்டுகள் இல்லை.

ஆற்காட்டு நவாபின் படையோடு பொருது தேசிங்கு மாண்டது 1714இல். ஆண்டது ஓராண்டுகூட இல்லை. ஆயினும் கதை முந்நூறு ஆண்டு நிலைத்திருக்கிறது. ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துப் பாடியதால் நிலைத்தது. இப்போது ஞாயிறுதோறும் பதிவேட்டைப் படிக்கிறோம். ஒவ்வொரு பாட்டுக்கும் வேறோர் ஊரில் ஒரு பிரதி இருக்கிறது. எங்கள் மூன்று பிரதிகளையும், எதையும் திருத்தாமல், பக்கம் பக்கமாகவே வைத்திருக்கிறோம்.