மணம் நிலைக்கும் வழி

வெள்ளிக்கிழமை மாலை என்றாலே எங்கள் வேலணை வீட்டில் சாம்பிராணி மணந்தான். விளக்கேற்றியதும் அம்மா அடுப்பிலிருந்து சிரட்டைத் தணலைத் தூபக்காலில் எடுத்து அறைதோறும் கொண்டு செல்வார். நாங்கள் முழுகிய நாள்களில் அதே தூபக்கால் கவிழ்த்த கூடையின் கீழே இருக்கும். கூடையின்மேல் எங்கள் கூந்தல் விரிந்து கிடக்கும். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அருகில் இருக்கும் தோழி, “நேற்று முழுகினியோ?” என்று கேட்குமளவுக்கு அந்த மணம் தலைமுடியில் தங்கியிருக்கும்.

1990 ஆம் ஆண்டில் போர் காரணமாகத் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக ஊரைவிட்டு வெளியேறினர். நாங்களும் வெளியேறினோம். பல ஆண்டுகளின்பின் திரும்பி வந்தபோது வௌவால் நாற்றமும் ஈரச் சுவரின் புழுங்கலுமே எங்களை வரவேற்றன. கூரையைத் திருத்துமுன்னரே அம்மா செய்த முதல் வேலை, தணல் மூட்டிச் சாம்பிராணி போட்டதுதான். அந்தப் புகை எழுந்த பிறகே அது எங்கள் வீடு என்று எனக்குத் தோன்றியது.

சென்ற ஆண்டு அம்மாவுக்கு இழுப்பு வந்தது. புகை ஆகாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தூபக்கால் பரணில் ஏறியது. அம்மா மறுத்து ஒன்றும் பேசவில்லை. ஆனால் வெள்ளி மாலைகளில் விளக்கேற்றியபின் வெறுங்கையோடு அறையறையாகச் சென்று வருவார். அதைக் காண எனக்குப் பொறுக்கவில்லை.

செய்தி அறிந்த என் தங்கை கனடாவிலிருந்து ஒரு பொதி அனுப்பினாள். அதனுள் சிறு சதுரங்களாக வாசனை மெழுகுக் கட்டிகளும், அவற்றை உருக்கும் பீங்கான் கிண்ணம் ஒன்றும் இருந்தன. கட்டிகளில் திரி இல்லை. கிண்ணத்தின் கீழே சிறிய மெழுகுதிரி ஒன்றை ஏற்றி வைத்தால் மேலே கட்டி உருகி மணம் பரவும். சாம்பிராணிப் புகைபோல அறையை நிறைக்கும் புகை அதில் இல்லை. எனினும் வாசனையும் சிலருக்கு இழுப்பைக் கிளறக்கூடும். ஆகவே வைத்தியரிடம் கேட்டு, அவர் சொற்படி கதவைத் திறந்துவைத்து முதலில் சிறிது நேரமே ஏற்றிப் பார்த்தோம். அம்மாவுக்கு ஒரு தொல்லையும் உண்டாகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை என் ஆசை அளவு மீறியது. நான்கு கட்டிகளை ஒருங்கே இட்டேன். கீழே இரண்டு மெழுகுதிரிகளை ஏற்றினேன். மணம் எங்கும் பரவட்டும் என்று சோளகக் காற்று வீசும் யன்னலோரம் வைத்தேன். முதலில் மூக்கைத் துளைக்கும் மணம் எழுந்தது. அரைமணி நேரத்தில் ஒன்றுமில்லை. மறு வெள்ளி மீண்டும் ஏற்றியபோது, கிண்ணம் நிறைய மெழுகு இருந்தும் மணம் மட்டும் இல்லை. பொருள்தான் பழுது என்று தங்கைமேல் குறைப்பட்டேன்.

அம்மா சிரித்தார். “பிள்ளை, கனகனவெண்டு எரியிற தணலிலை சாம்பிராணியைப் போட்டால் என்ன ஆகும்?”

“பொசுங்கிப் போகும்.”

“நீறு பூத்த தணலிலை போட்டால்?”

எனக்கு விளங்கிவிட்டது. மெழுகு ஆவியாகிப் போவதில்லை. அதில் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பங்கு வரை கலந்திருக்கும் வாசனை எண்ணெய்தான் ஆவியாகி மணக்கிறது. சூடு மிகுந்தால் அந்த எண்ணெய் விரைந்து போய்விடும். எஞ்சுவது வெறும் மெழுகு. சோயா மெழுகு ஏறத்தாழ 50 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே உருகத் தொடங்கும். அது உருகி நிற்குமளவு சூடு இருந்தாற் போதும்.

அன்றிலிருந்து அம்மா சொன்னபடியே செய்கிறேன். ஒரு கட்டி, ஒரு மெழுகுதிரி. காற்று நேரே படாத மூலையில், சிறிய அறையில் வைப்பேன். ஒரு மணி நேரம் சென்றதும் அணைத்துவிடுவேன். மெழுகு இறுகிக் கிடந்து அடுத்த முறைக்கு உதவும். மணம் முற்றாக அற்ற மெழுகை ஆறவிட்டு எடுத்து எறிதல் வேண்டும்; உருகிய நிலையில் நீரோடும் குழாயில் ஊற்றினால் அங்கே இறுகி அடைத்துக்கொள்ளும். எரியும் சுடரைத் தனியே விட்டு அகலவும் கூடாது.

கட்டியைத் தெரிவதிலும் அம்மாவே எனக்கு ஆசிரியை. எலுமிச்சை மணத்தை முகர்ந்து, “இது நிக்காது” என்றார். மெய்தான், அத்தகைய மணங்கள் எளிதில் ஆவியாகி முதலில் போய்விடுகின்றன. சந்தனமும் சாம்பிராணியும் கனத்தவை, மெல்லவே பிரிகின்றன. சுமாத்திரா, லாவோசு முதலிய இடங்களின் மரங்களிலிருந்து வடியும் பிசினே சாம்பிராணி. வாசனைத் திரவியம் செய்வோர் பிற மணங்களை நிலைநிறுத்தவும் அதனைச் சேர்க்கின்றனர். தங்கை அனுப்பியவற்றில் சந்தனமும் சாம்பிராணியும் கலந்த கட்டிகள் சில இருந்தன. அவற்றையே அம்மா ஒதுக்கி வைத்துக்கொண்டார்.

இவ்வளவு செய்தும் ஒருநாள், “மணம் போய்விட்டதே அம்மா” என்றேன்.

“மணம் போகேல்லை. உன்ரை மூக்குப் பழகிப் போச்சு. படலை மட்டும் போய் நிண்டுட்டு வா.”

சென்று நின்றேன். கடற்காற்றில் உப்பு மணந்தது. சிறிது பொழுது கழித்துத் திரும்பி வாசற்படியில் கால் வைத்தேன். உள்ளிருந்து மணம் எதிர்கொண்டு வந்தது. ஒரே மணத்திலே இருந்துகொண்டிருப்பவரின் மூக்கு, சில நிமிடங்களிலேயே அதை உணராது விட்டுவிடுகிறது. இதை அறியாமல்தான் நம்மிற் பலர் கட்டியின்மேற் கட்டியாக இட்டு வீணாக்குகிறோம்.

அந்தப் படியில் நின்றபோது, பல ஆண்டுகளுக்குமுன் பாழடைந்த வீட்டில் முதற் புகை எழுந்த நாள் என் நினைவுக்கு வந்தது. சிறு வயதில் இந்த வீட்டிலேயே இருந்தபோது இதற்கு ஒரு மணம் உண்டு என்று நான் எண்ணியதே இல்லை. ஊரைவிட்டுப் போய் வந்த பின்னரே அறிந்தேன்.

இப்போது வெள்ளிதோறும் விளக்கேற்றி, கட்டி உருகத் தொடங்கியதும் அம்மா என்னைப் படலைக்கு அனுப்பிவிடுகிறார். திரும்பி வரும்போது வாசலில் நின்று கேட்கிறார்: “மணக்குதோ பிள்ளை?”

“மணக்குது அம்மா.”