அப்பாவின் சிகாகோ டிரிப்பும் என் மூணு ராத்திரியும்

முதல்லயே சொல்லிடறேன். நடுவுல கொஞ்ச தூரம் ஒரே பொட்டி தட்டுற சமாச்சாரமா இருக்கும். பிடிக்காதவங்க அந்த வளைவை மட்டும் மெதுவா தாண்டி இந்தப் பக்கம் வந்துடுங்க.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2003ல் நான் முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். அசெம்பிள் செய்த பொட்டி. செலரான், 128 எம்பி ராம், விண்டோஸ் 98. ஆன் பண்ணினால் மாவு மில் மாதிரி ஒரு சத்தம் வரும். வாங்கிக் கொடுத்த நண்பன் கொசுறாக ஒரு சிடியும் கொடுத்தான். மேலே மார்க்கர் பேனாவில் 'மிட்டவுன் மேட்னஸ்' என்று எழுதியிருந்தது. ஒரிஜினலா என்றெல்லாம் கேட்கப்படாது. ஹிஹி.

தெரியாதவர்களுக்கு: மைக்ரோசாஃப்ட் 1999ல் வெளியிட்ட கார் ஓட்டும் விளையாட்டு. தயாரித்தது ஏஞ்சல் ஸ்டுடியோஸ். அந்தக் கால ரேஸ் கேம்கள் பலவற்றில் போட்டு வைத்த தடத்தில்தான் ஓட்ட முடியும். இதில் சிகாகோ நகரத்தையே விரித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். எந்தத் தெருவிலும் திரும்பலாம். சிக்னல் உண்டு, டிராஃபிக் உண்டு, தலைக்கு மேலே ரயில் உண்டு, ஆற்றுப் பாலங்கள் திடீரென்று இரண்டாகப் பிளந்து மேலே தூக்கும். நடந்து போகிறவர்களை நீங்கள் எவ்வளவு முயன்றாலும் இடிக்க முடியாது, எகிறிக் குதித்து ஒதுங்கிவிடுவார்கள். முக்கியமாக, ஓட்டுவதற்குக் கார்களோடு ஒரு டவுன் பஸ்ஸும் உண்டு.

அந்த பஸ்தான் விஷயம்.

அப்பா அரசு பஸ் டிரைவர். மதுரை - குமுளி ரூட். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, கம்பம் என்று போய் லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும் வண்டி. 2002ல் ரிடையர் ஆனார். வீட்டில் சும்மா உட்காரத் தெரியாத மனுஷன். நான் புதுப் பொட்டியில் அந்த முஸ்டாங்கை வைத்துக்கொண்டு லாரி, கம்பம், கட்டிடம் என்று எல்லாவற்றிலும் மோதிக்கொண்டிருந்ததைப் பின்னால் நின்று பார்த்தவர், "என்னடா இது, இப்படி ஓட்டுனா லைசென்ஸைப் புடுங்கிருவாய்ங்க" என்றார். பிறகு, "இதுல பஸ்ஸு கிடையாதா?"

இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் பொட்டி அவருடையது. ரேஸ் எல்லாம் கிடையாது. க்ரூஸ் என்று ஒன்று உண்டு, இஷ்டத்துக்கு ஊர் சுற்றலாம். அதில் மேனுவல் கியர் போட்டுக்கொண்டு, சிவப்பு விளக்குக்கு நின்று, பச்சை விழுந்ததும் எடுப்பார். உலகத்திலேயே அந்த விளையாட்டில் சிக்னலுக்கு நின்ற ஒரே ஆள் எங்கப்பாவாகத்தான் இருக்கும். ஒரே குறை, அமெரிக்காவில் வலது பக்கம் போகிறார்கள். "எல்லாப் பயலும் ராங் சைடுல வர்றான்" என்று ரெண்டு நாள் புலம்பினார். பிறகு பழகிவிட்டது.

அப்புறம் எனக்குக் கல்யாணம், வேலை, ஊர் மாற்றம், குழந்தை. பொட்டி பழசாகி எடைக்குப் போனது. சிடி மட்டும் என் சர்டிபிகேட் ஃபைலுக்குள் எப்படியோ தங்கிவிட்டது.

போன வருஷம் அப்பா டிவிஎஸ் 50ல் போய் விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் முடிந்து மூன்று மாதத்தில் வாக்கரோடு நடந்துவிட்டார். வயசு எண்பதைத் தாண்டிவிட்டது. நடக்க ஆரம்பித்ததும் முதலில் கேட்டது வண்டிச் சாவியை. நான் கொடுக்கவில்லை. கொடுக்காதது மட்டுமில்லை, ஒளித்து வைத்தேன். "கண்ணு சரியாத் தெரியலப்பா உங்களுக்கு" என்று சொன்னேன். "எனக்கா?" என்று ஒரு பார்வை பார்த்தார். 31 வருஷம் ஒரு சின்ன ஆக்சிடென்ட் கூட இல்லாமல் மலையில் பஸ் ஓட்டிய ஆளிடம் நான் அப்படிச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு என்னிடம் பேச்சு குறைந்துவிட்டது. என்ன கேட்டாலும் "ம்". தங்கமணியிடமும் பேத்தியிடமும் மட்டும் சகஜமாகப் பேசுவார். நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்ப்பார்.

இந்த நிலையில்தான் ஏதோ சர்டிபிகேட் தேடும்போது அந்த சிடி கையில் கிடைத்தது.

சரி, வளைவு வந்தாச்சு. பிடியுங்க.

முதல் ராத்திரி. என் லேப்டாப்பில் சிடி டிரைவே கிடையாது. இப்போது எதில்தான் இருக்கிறது? யுஎஸ்பியில் மாட்டுகிற டிரைவ் ஒன்றை பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினேன். சிடி சுற்றுகிறது, சுற்றுகிறது, காப்பி 71 சதவீதத்தில் நிற்கிறது. இருபது வருஷக் கீறல். சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக்கூடாது. சிடியில் தகவல் வட்டமாகத்தான் பதிந்திருக்கிறது, கீறலும் அதே திசையில் விழுந்தால் தொடர்ச்சியாக நிறைய போய்விடும். குறுக்கே விழுகிற கீறலை டிரைவ் சமாளித்துக்கொள்ளும். நாலு தடவை கழுவி, அப்புறம் ஆபீஸில் ஒரு பழைய டெஸ்க்டாப்பின் டிரைவில் போட்டு, மெதுவான வேகத்தில் முழு சிடியையும் ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாக எடுத்தேன். விண்டோஸ் 10ல் அதை டபுள் கிளிக் செய்தாலே சிடி போட்ட மாதிரி எடுத்துக்கொள்ளும். ஆபீஸ் ஆணியை நிறுத்திவிட்டு இந்த ஆணி.

ரெண்டாம் ராத்திரி இன்ஸ்டால். அந்தக் கால சிடிகளில் ஒரு கண்டம் உண்டு: விளையாட்டு 32 பிட்டாக இருக்கும், செட்டப் மட்டும் 16 பிட்டாக இருக்கும். இப்போதைய 64 பிட் விண்டோஸ் 16 பிட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நல்லவேளை, இதில் அந்தத் தொல்லை இல்லை. நடுவில் "டைரக்ட்எக்ஸ் போடட்டுமா?" என்று பவ்யமாகக் கேட்டது. அது 1999ஆம் வருஷத்து டைரக்ட்எக்ஸ். வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். சொன்னேன். இன்ஸ்டால் ஆனது. கிளிக் செய்தேன். திரை கறுப்பானது. திரும்ப டெஸ்க்டாப் வந்தது. அவ்வளவுதான். அவ்வ்வ்.

ரைட் கிளிக் செய்து காம்பாட்டிபிலிட்டியில் விண்டோஸ் 98 என்று மாற்றியதும் மெனு வரை வந்தது. ஆனால் கிராபிக்ஸ் கார்டு என்கிற இடத்தில் 'சாஃப்ட்வேர்' மட்டும்தான் காட்டியது. அதாவது, அத்தனை ஆயிரம் ரூபாய் கார்டு சும்மா உட்கார்ந்திருக்க, பிராசசர் தனியாளாகப் படம் வரைகிறது. சிகாகோ முழுக்கப் புள்ளி புள்ளியாக, வெயிலில் காய்ந்த பெயின்ட் மாதிரி இருந்தது. "சே, டிரைவர்தான் பிரச்சனை" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அடுத்த ரூமிலிருந்து அப்பாவின் குரல்: "எப்பவும் டிரைவரைத்தான்டா சொல்லுவாய்ங்க. வண்டி கண்டிசன் என்னான்னு எவனும் பாக்க மாட்டான்."

ரெண்டு மாசத்தில் என்னிடம் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

மூணாம் ராத்திரி. டிஜிவூடூ என்று ஒரு இலவசச் சரக்கு இருக்கிறது. பழைய விளையாட்டு அந்தக் கால டைரக்ட்எக்ஸில் பேசும், இப்போதைய கார்டுக்கு அந்தப் பாஷை சரியாகப் புரியாது. இது நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கும் துபாஷி. டிடிரா, டி3டிஇம் என்கிற ரெண்டு டிஎல்எல் ஃபைல்களை எடுத்து விளையாட்டு இருக்கிற ஃபோல்டரில் போட்டால் போதும். போட்டேன். கார்டு பெயர் வந்தது! மூலையில் டிஜிவூடூ சின்னம் ஒன்று வரும், அதை அணைத்துவிடலாம்.

உடனே இன்னொரு வம்பு. வேகத்துக்குக் கட்டுப்பாடே இல்லாமல் செகண்டுக்கு நூற்றுக்கணக்கான ஃபிரேம் ஓடியது. லேப்டாப் ஃபேன் அலறுகிறது, பஸ் நடைபாதை விளிம்பைத் தொட்டாலே வெட்டுக்கிளி மாதிரி துள்ளுகிறது. இந்தக் காலத்துப் பொட்டியின் வேகத்தை அந்தக் காலக் கணக்கு எதிர்பார்க்கவில்லை. கார்டு செட்டிங்கில் போய் 60க்கு மேல் போகாதே என்று கட்டிப் போட்டதும் ஃபேன் அடங்கியது, பஸ்ஸும் தரையில் நின்றது. ரெசல்யூஷனை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றினேன். மணி ஒன்றரை. கண்ணாடி மாதிரி சிகாகோ. நானே கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுப் படுத்தேன், மோதாமல்.

மறுநாள் சாயந்திரம் லேப்டாப்பை டிவியில் மாட்டி, பேத்தியை விட்டுக் கூப்பிடச் சொன்னேன். வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பஸ்ஸைப் பார்த்ததும், "இது பழைய வண்டில்ல" என்றார். கையை கீபோர்டில் வைத்தார். ஓட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"ஓட்டுங்கப்பா."

"ஸ்பீடு எத்தனைன்னு தெரியலடா."

அப்போதுதான் உறைத்தது. ரெசல்யூஷனை ஏற்ற ஏற்ற ஊர் துல்லியமாகும், ஆனால் ஸ்பீடோமீட்டர், கியர் எண், மேப் எல்லாம் அதே பிக்சல் அளவில்தான் இருக்கும். பெரிய திரையில் அவை கடுகு மாதிரி ஆகிவிடும். ஆகிவிட்டது. மூணு ராத்திரி முக்கி முக்கி நான் செய்தது அவர் பார்க்க வேண்டியதையெல்லாம் சின்னதாக்கியதுதான்.

"அஞ்சு நிமிஷம் இருங்கப்பா" என்றேன். விளையாட்டுக்குள் பழையபடி 640க்கு 480 என்று குறைத்தேன். அதைத் திரை அளவுக்கு இழுத்துக் காட்டுகிற வேலையை மட்டும் துபாஷியிடம் விட்டேன். அகல உயர விகிதத்தை மாற்றாதே என்றும் அதற்குச் சொல்லி வைக்க வேண்டும், இல்லையென்றால் அகலத் திரையில் பஸ் கர்ப்பமாகத் தெரியும். ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது. ஊர் கொஞ்சம் மொண்ணையாகத்தான் தெரிந்தது. ஸ்பீடோமீட்டர் தட்டு மாதிரி பெரிதாக வந்தது. டிராஃபிக்கையும் குறைத்து வைத்தேன்.

இந்தத் தடவை எடுத்தார். பர்ஸ்ட் கியர், செகண்ட். விரல் கொஞ்சம் நடுங்கியதில் பஸ் லேசாக அங்கிட்டும் இங்கிட்டும் அலைந்தது. முதல் சிக்னலில் கோட்டைத் தாண்டி நின்றார். ரெண்டாவதில் கோட்டுக்கு முன்னாலேயே நின்றார். பேத்தி, "தாத்தா, யாரும் பாக்கல, போங்க" என்றாள். "போகக்கூடாதும்மா" என்று மட்டும் சொன்னார். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் வந்ததும் பாலம் ரெண்டாகப் பிளந்து தூக்க ஆரம்பித்தது. நானாக இருந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பறந்திருப்பேன், அந்தப் பாலம் அதற்குத்தானே. அவர் நியூட்ரல் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். பாலம் இறங்கியது. போனார்.

முக்கால் மணி நேரம் ஓட்டினார். ஒரு ஓரமாக நிறுத்தினார். நான் லேப்டாப்பை மூடப் போனபோது என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நாளைக்குப் பகல் டிரிப்பாப் போடு. இந்தப் பொழுது சாயுற நேரம் வேணாம். எதிர்ல வர்றது மசமசன்னு இருக்கு."

சூரியன் மறைகிற நேரம் என்று செட்டிங்கில் இருந்ததை மத்தியானமாக மாற்றி வைத்துவிட்டு வந்தேன்.