கடைசியாக வந்தது யார்?

ஸ்பெயினின் வலென்சியாவுக்குக் குடிவந்தபோது என்னிடம் இருந்த ஸ்பானியப் பாடநூலில் காய்கறிக்கும் மளிகைக்கும் தனிப்பாடம் இருந்தது. தக்காளிக்கு தொமாத்தே, வெங்காயத்துக்கு செபோயா, பூண்டுக்கு ஆஹோ, கத்தரிக்காய்க்கு பெரென்ஹேனா என்று படம் போட்டுப் பெயர் எழுதியிருந்தார்கள். படித்துவிட்டுச் சந்தைக்குப் போனால், அங்கே ஒவ்வொரு குவியலிலும் விலைச்சீட்டு செருகியிருக்கிறது. பெயரும் அதிலேயே இருக்கிறது. விரலை நீட்டினாலே பொருள் கிடைத்துவிடும். சீட்டில் எழுதாத சொற்களுக்குத்தான் தவித்துப்போகிறோம். அவற்றைச் சொல்லித்தர எனக்குத் தெரிந்து ஒரே பள்ளிக்கூடம்தான் உண்டு: கடைமுன் காத்து நிற்கும் கூட்டம்.

ஊரின் நடுவே இருக்கும் மெர்காதோ சென்த்ரால் 1928-இல் திறக்கப்பட்ட சந்தை. இரும்பும் கண்ணாடியும் வண்ண ஓடுகளும் கொண்டு கட்டிய கூடம், எட்டாயிரம் சதுர மீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. காலை ஏழரைக்குத் திறந்து பிற்பகல் மூன்றுக்கு மூடிவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை. உள்ளே கடைமுன் வரிசை என்று கண்ணுக்குத் தெரிவதாக ஒன்றும் இருக்காது. நாலைந்து பேர் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி நிற்பார்கள். புதிதாக வருபவர் பொதுவாக ஒரு கேள்வி கேட்பார்: "கியேன் எஸ் எல் ஊல்த்திமோ?" கடைசியாக வந்தது யார்? கூட்டத்திலிருந்து ஒரு குரல் "யோ" என்னும். நான்தான் என்று பொருள். அந்தக் குரலுக்கு அடுத்த இடம் நமக்கு. பிறகு இன்னொருவர் வந்து கேட்கும்போது "யோ" சொல்வது நம் முறை.

பேசத் தெரியாதவரையும் இந்த ஏற்பாடு பேச வைத்துவிடுகிறது. நாம் வாய் திறக்காவிட்டால் பின்னால் வருபவரின் இடம் குழம்பிவிடும். ஊரில் ஒருவருக்கும் என்னைத் தெரியாத நாள்களில், என் வாயிலிருந்து ஒரு சொல் வர வேண்டுமென்று யாரோ காத்திருந்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இடம் கிடைத்தபின் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கடைக்காரர் "கே தே போங்கோ?" என்பார், என்ன போடட்டும்? முன்னால் நிற்கும் அம்மாள் "போன்மே மெதியோ கிலோ தெ தொமாத்தேஸ்" என்பார். அரைக் கிலோ தக்காளி போடுங்க. பாடநூல் கற்றுத்தரும் 'வாங்க விரும்புகிறேன்' வகைச் சுற்றுவழி வாக்கியங்களை நான் நின்ற கூட்டங்களில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நேரடியாகக் கேட்பது அங்கே மரியாதைக் குறைவில்லை. மரியாதை வேறு இடத்தில் இருக்கிறது. வந்ததும் காலை வணக்கம் சொல்வதிலும், போகும்போது எல்லாருக்கும் பொதுவாக விடைசொல்வதிலும் இருக்கிறது. கடைக்காரர்களும் எழுபது வயது அம்மாளை "ரெய்னா", ராணி, என்று கூப்பிட்டுத்தான் கீரைக்கட்டை நீட்டுகிறார்கள்.

அளவுச் சொற்களில் என்னை மிகவும் கவர்ந்தது "குவார்த்தோ இ மித்தாத்". கால் கிலோவும் அதில் பாதியும், ஆக 375 கிராம். இறைச்சிக்கடையிலும் பாலாடைக்கட்டிக் கடையிலும் வயதானவர்கள் சரளமாகச் சொல்கிறார்கள். காலே அரைக்கால் என்று கணக்குச் சொன்ன பாட்டிமாரிடம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விலையைக் காதால் பிடிப்பதுதான் கடினம். அறுபது செசென்தா, எழுபது செதென்தா. வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலவே விழும். தராசின் கண்ணாடியில் எண்ணைப் பார்த்துக்கொண்டே கடைக்காரர் சொல்லும் தொகையைக் கேட்டால், கண் காதுக்குக் கற்றுக்கொடுக்கிறது. எனக்கு எண்கள் படிந்தது அப்படித்தான்.

பழக்கடையில் நாமே கைவைத்துப் பொறுக்கக் கூடாது. கடைக்காரர்தான் எடுத்துத் தருவார். வெண்ணெய்ப்பழமோ முலாம்பழமோ கேட்டால், "பாரா ஓய் ஓ பாரா மான்யானா?" என்பார். இன்றைக்கா, நாளைக்கா? தக்காளி கேட்டால் சாலடுக்கா, துருவி வதக்கவா? உருளைக்கிழங்கு கேட்டால் பொரிக்கவா, வேகவைக்கவா? பொருளின் பெயரைச் சொல்லி நிறுத்தினால் பாதிப் பேச்சுதான் முடிந்திருக்கிறது. அதை என்ன செய்யப் போகிறோம், எப்போது சாப்பிடப் போகிறோம் என்று சொன்னால்தான் அவருடைய அனுபவம் நமக்கு உதவிக்கு வரும். என் வீட்டு அடுப்பில் நடப்பதை அந்நிய மொழியில் முதன்முதலாக ஒருவரிடம் சொன்னது அந்தக் கடைகளில்தான். நாளைக்கு என்று சொல்லி வாங்கிய பழம் மறுநாள் பதமாக இருக்கும்போது, நாம் பேசிய வாக்கியம் சரியாகப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

மீன் பகுதிக்குப் போனால் வினைச்சொற்களின் காடு. ஒருவர் குடல் எடுக்கச் சொல்கிறார். ஒருவர் வட்டமாக வெட்டச் சொல்கிறார். இன்னொருவர் முள்ளை நீக்கிப் புத்தகம்போல் விரித்துத் தரச் சொல்கிறார். கைகள் செய்வதைப் பார்த்துக்கொண்டே சொல்லைக் கேட்பதால் அகராதி தேவைப்படுவதில்லை. சீட்டுகளும் நன்றாகப் படிக்கத் தக்கவை. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி மீனின் அறிவியல் பெயர், கடலில் பிடித்ததா பண்ணையில் வளர்த்ததா, எந்தக் கடல் என்று எல்லாம் எழுதியிருக்க வேண்டும். 37 என்ற எண் இருந்தால் மத்தியதரைக் கடல் மீன். நெத்திலியின் உறவான சிறு மீன் பச்சையாக இருக்கும்போது போகெரோன். உப்பிலிட்டுப் பதப்படுத்தியபின் அதுவே அன்சோவா. கோடையில் க்ளோசினா என்ற உள்ளூர்ச் சிப்பி வரும். பெயரில் 'ர' இல்லாத மாதங்களில், மே முதல் ஆகஸ்டு வரை, அதை வாங்கலாம் என்று நினைவுக்கு வழி சொல்லிக் கொடுப்பார்கள்.

தமிழர் வீட்டுக்கு முதலில் வேண்டியது அரிசி. ஊருக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றி நெல்வயல்கள் இருப்பதால் இங்கே அரிசிக்குப் பஞ்சமில்லை. போம்பா, செனியா என்று வகை பிரித்து விற்கிறார்கள்; இரண்டும் பாயெல்யா என்ற இவ்வூர்ச் சோற்று உணவுக்கு ஏற்ற குண்டு அரிசி. சாம்பார்ச் சோற்றுக்கு நீள அரிசி, அரோஸ் லார்கோ, வாங்க வேண்டும். அரோஸ் வப்போரிசாதோ என்று எழுதியிருந்தால் அது புழுங்கலரிசி. பருப்புக்கடைகளில் மூட்டையிலிருந்து அள்ளி, கேட்கும் அளவுக்கு நிறுத்துத் தருகிறார்கள். தோல் நீக்கிய சிவப்பு லென்தேஹா நம் மைசூர்ப் பருப்பேதான். சிறியதும் பெரியதுமாகக் கொண்டைக்கடலையில் பல வகை. எதை எத்தனை நேரம் ஊறப்போட வேண்டும் என்று கேட்டால் போதும், அக்கம்பக்கத்தில் நிற்பவர்களும் பேச்சில் சேர்ந்துகொள்வார்கள்.

இங்கே ஸ்பானியத்தோடு வலென்சிய மொழியும் புழங்குகிறது. ஒரு சீட்டில் பத்தாத்தா என்றிருக்கும். பக்கத்துச் சீட்டில் அதே உருளைக்கிழங்கு க்ரெயில்யா. தக்காளி தொமாக்கா ஆகும். காரட் கார்லோத்தா ஆகும். கூட்டத்தில் நிற்கும் கொலம்பியரும் அர்ஜென்டீனரும் உருளைக்கிழங்கை பாப்பா என்பார்கள். வெண்ணெய்ப்பழத்தைக் கொலம்பியர் அகுவாக்காத்தே என்றால் அர்ஜென்டீனர் பால்தா என்பார். கடைக்காரர் இவை அத்தனைக்கும் தலையசைத்துக் கையை நீட்டுகிறார். ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே ஒருவர் சொல்லை மற்றவர் கேட்டுப் பழகுவதைப் பார்த்தபின், என் உச்சரிப்பைப் பற்றி எனக்கிருந்த கூச்சம் விலகியது.

சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் போகிறேன். காய்களைக் கையுறை போட்டு நாமே எடுத்து, எண்ணை அழுத்தி எடைபோட்டு, சீட்டை ஒட்டிக்கொள்ளலாம். 2018 ஜூலை முதல் பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்க வேண்டும் என்பது சட்டமாகிவிட்டதால், பை வேண்டுமா என்று கேட்பார்கள். அட்டையா ரொக்கமா என்று கேட்பார்கள். தானியங்கிக் கல்லாவில் அந்தக் கேள்விகளும் திரைக்குப் போய்விட்டன. வாரச் சாமானை முழுவதும் வாங்கி, ஒரு சொல்கூடப் பேசாமல் வீடு திரும்ப முடியும். நேரமில்லாதவர்களுக்கு அது நல்ல வசதி. புதிதாக வந்தவருக்கோ அது இழப்பு. எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் மொழி பழகாமலே காலத்தை ஓட்ட அது வழி செய்துவிடுகிறது.

நம்மவர்களில் பலர் வெளிநாட்டில் மொழி வரட்டும், பிறகு சந்தைக்குப் போகலாம் என்று தள்ளிப்போடுவதைப் பார்க்கிறேன். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் பெண்கள் இந்தத் தயக்கத்திலேயே பல வருடம் பேச்சற்று இருந்துவிடுகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: சனிக்கிழமைக் கூட்டத்தைத் தவிர்த்து, வேலைநாள் காலையில் போங்கள். வயதான ஒருவருக்குப் பின்னால் இடம் பிடியுங்கள். அவர் சொல்லும் வாக்கியத்தில் பொருளை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள். வாங்கியபின் சமைக்கும் முறை ஒன்றைக் கேளுங்கள். பதில் பாதி புரிந்தாலும் போதும். ஊர் ஊராக மொழிவகுப்பு நடத்துபவர்களும் மாணவர்களை வாரம் ஒருமுறை இந்தக் கூட்டத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஒரே வாக்கியத்தைப் பத்துப் பேர் வாயால், பொருளைக் கண்ணெதிரே வைத்து, கட்டணமில்லாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டும் ஆசிரியர்கள் வேறு எங்கும் கிடைக்கமாட்டார்கள்.